அறுத்த இடத்தை எதனால் மூடுவது? கண்ணில் வளரும் சதைக்கு ஒட்டு அறுவை சிகிச்சை

கண்ணின் வெள்ளையில், மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து முக்கோணமாக ஒரு சதை கிளம்பிக் கருவிழியை நோக்கி மெல்ல ஊர்கிறது. ஊர்ப்பக்கம் ‘கண்ணுல சதை வளர்ந்திருக்கு’ என்பார்கள். மருத்துவர் எழுதும் சீட்டில் ‘டெரிஜியம்’ என்று இருக்கும். புற்றுநோய் இல்லை, ஒரே நாளில் பார்வையைப் பறிப்பதும் இல்லை என்பதால் இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு குறைவு. ஆனால் கண் அறுவை மருத்துவத்தில் இத்தனை காலம் தீராமல் இழுத்தடித்த சிக்கல்கள் மிகச் சில. சதையை வெட்டி எடுப்பது எளிது. மறுபடி வளராமல் தடுப்பதுதான் கடினம். வெட்டிய இடத்தை வெறுமனே விடுவதா, மூடுவதா, மூடுவதென்றால் எதனால் மூடுவது என்ற கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் நம்பத்தக்க விடை கிடைத்திருக்கிறது. அந்த விடை நம் நோயாளிகள் எல்லோரையும் எட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் இது யாருக்கு வருகிறது என்று பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு வடக்கேயும் தெற்கேயும் 37 பாகை அட்சரேகைகளுக்கு இடைப்பட்ட வெப்ப நாடுகளில்தான் டெரிஜியம் மிகுதி என்று 1965இல் கேமரன் என்ற மருத்துவர் உலக அளவில் தொகுத்துக் காட்டினார். தமிழகமும் இலங்கையும் அந்தப் பட்டையின் நடுவில் இருக்கின்றன. சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 40 வயதைக் கடந்த 7,774 பேரைப் பரிசோதித்த ஆய்வு 9.5 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கண்டது. பத்தில் ஏறத்தாழ ஒருவர். நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமே அதிகம். வெயிலில் நின்று பிழைப்பவர்களின் நோய் இது என்று சொன்னால் மிகையாகாது.

வெயிலில் என்ன குற்றம்? புற ஊதாக் கதிர்தான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மீன்பிடிக்கும் 838 தொழிலாளர்களை ஹியூ டெய்லரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, வாழ்நாளில் ஒருவர் வாங்கிய புற ஊதாக் கதிரின் அளவுக்கும் டெரிஜியத்துக்கும் நேரடித் தொடர்பு தெரிந்தது. அப்படியானால் சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமே வளர்கிறது? மூக்கின் நிழல் விழும் பக்கமல்லவா அது? சிட்னியைச் சேர்ந்த மினாஸ் கொரோனியோ இதற்கு அழகான விளக்கம் தந்தார். பக்கவாட்டிலிருந்து, அதாவது காதுப்புறத்திலிருந்து வரும் ஒளி கருவிழியின் வளைவில் விழுந்து, உள்ளே முறிந்து, எதிர்ப்புறமான மூக்கோர விளிம்பில் குவிகிறது. அங்கே அதன் செறிவு ஏறக்குறைய இருபது மடங்கு கூடுகிறது. நேரே வரும் வெயிலை இமையும் புருவமும் ஓரளவு தடுக்கும். பக்கவாட்டிலும் கீழிருந்தும் வருவதைத் தடுக்க ஒன்றுமில்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் ஒருவரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி, வெள்ளை வெளேரென்று கிடக்கும் பாத்தியைப் பார்த்தே நாளெல்லாம் வேலை செய்கிறார். தலைத்துண்டு மேலிருந்து வரும் வெயிலுக்கு மட்டும்தான் காவல். உப்பிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி எழும் ஒளி நேராகக் கண்ணுக்குள் போகிறது. கடல் நுரை தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் கால் பங்கையும், காய்ந்த கடற்கரை மணல் 15 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. மீனவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், நாற்று நடுபவர்கள் என்று பட்டியல் நீளும். தூசியும் காற்றும் வறண்ட கண்ணும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டுகின்றன.

இந்தக் கதிர் சேதப்படுத்துவது எதை? கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பில் ஸ்டெம் செல்கள் குடியிருக்கின்றன. கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பது இவற்றால்தான். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் இணைப்படலம் எல்லை தாண்டிக் கருவிழிமேல் ஏறாமல் வேலியாக நிற்பதும் இவைதான். மெட்ராஸ் ஐ வரும்போது செக்கச் செவேலென்று ஆவது அந்த இணைப்படலமே. வருடக்கணக்கில் கதிர் விழுந்த இடத்தில் இந்த ஸ்டெம் செல்கள் பழுதாகின்றன. வேலி உடைந்த இடத்தில் இணைப்படலம் இரத்தக் குழாய்களையும் நார்த்திசுவையும் இழுத்துக்கொண்டு கருவிழிக்குள் நுழைகிறது. டெரிஜியம் என்பது அவ்வளவே. நோயின் வேர் கண்ணுக்குத் தெரியும் சதையில் மட்டும் இல்லை, பழுதான விளிம்பிலும் இருக்கிறது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பிற்பாடு ஒட்டு ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் இதிலிருந்துதான் வருகிறது.

எல்லாச் சதையையும் அறுக்க வேண்டியதில்லை. சிறியதாய், வெளிறி, வருடக்கணக்கில் நகராமல் கிடப்பதை அப்படியே விடலாம். கண்ணீர்ச் சொட்டு மருந்தும் வெயில் கண்ணாடியும் போதும். கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றிப் பார்வையைக் கலங்கவைக்கும்போதும், பாவையின் நடுவை நெருங்கும்போதும், விழியை வெளிப்பக்கமாகத் திருப்ப விடாமல் பிடித்திழுக்கும்போதும், ஓயாத உறுத்தலும் சிவப்பும் வேலையைக் கெடுக்கும்போதும் அறுவை தேவைப்படுகிறது. வளைவு மாறுவதால் வரும் குறையைத்தான் கண்ணாடிக் கடையில் ‘சிலிண்டர் பவர்’ என்கிறார்கள். கண்புரைக்கு லென்ஸ் வைக்கப் போகிறவர்களுக்கு இது கூடுதல் சிக்கல். சதை கருவிழியை இழுத்து வைத்திருக்கும்போது எடுக்கும் அளவை நம்பி லென்ஸ் வைத்தால் கணக்கு தப்பிப்போகும். சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கருவிழி நிலைப்பட்ட பிறகு புரைக்கு வருவதே முறை.

அறுவையின் பழைய கதை நம் நிலத்தில்தான் தொடங்குகிறது. சுசுருத சம்ஹிதை இந்நோயை ‘அர்மம்’ என்று பெயரிட்டு ஐந்து வகையாகப் பிரிக்கிறது. உப்புத்தூள் தூவிச் சதையைக் கிளர்த்தி, மடிப்பு விழும் இடத்தில் கொக்கியால் பிடித்துத் தூக்கி, வளைந்த கத்தியால் கருவிழியிலிருந்து சீவி எடுக்கச் சொல்கிறது. மூக்கோர மூலையை நெருங்கும்போது நிறுத்திக்கொள், அந்த மூலையைக் காயப்படுத்தாதே, படுத்தினால் இரத்தப்பெருக்கும் புரையோடிய புண்ணும் வரும் என்று எச்சரிக்கிறது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய செல்சஸும் கொக்கி, ஊசி நூல், கத்தி என்று ஏறக்குறைய இதே முறையைச் சொல்லி, மூலைச் சதையைத் தொடாதே என்ற இதே எச்சரிக்கையைத் தருகிறார். இரண்டு பேரும் இத்தனை துல்லியமாகக் கண்ட உடற்கூறு இன்றைக்கும் செல்லும். சதை திரும்ப வளர்வதற்குத்தான் அவர்கள் காலத்தில் வழி இல்லை.

பிறகு வந்தவர்கள் பல உபாயங்கள் செய்தார்கள். 1902இல் மெக்ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் சதையை வெட்டி எறியாமல், அதன் தலையைப் பெயர்த்துக் கீழ்ப்புற இணைப்படலத்துக்கு அடியில் புதைத்துத் தைத்தார். வளரட்டும், ஆனால் திசை மாறி வளரட்டும் என்பது அவருடைய எண்ணம். 1948இல் ஆஸ்திரேலியாவின் டொம்பிரெய்ன், சதையை எடுத்துவிட்டு அடியிலுள்ள வெள்ளை விழியை மூடாமல் திறந்தே விடும் முறையை விவரித்தார். பத்து நிமிடத்தில் முடியும் வேலை என்பதால் அது உலகெங்கும் பரவியது. விளைவு மோசம். வெவ்வேறு ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் தொடங்கிப் பத்தில் ஒன்பது பேர் வரை மறுபடி சதை வளர்ந்து திரும்பினார்கள். திரும்பி வளரும் சதை முதலில் இருந்ததைவிடத் தடிப்பாகவும் சிவந்தும் வேகமாகவும் வரும். அடியில் தழும்பு கட்டிப்போவதால் இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம்.

திறந்த புண்ணில் வளர்ச்சியைச் சுட்டுப் பொசுக்க முயன்ற காலம் ஒன்றும் உண்டு. ஸ்ட்ரான்ஷியம்-90 தகட்டிலிருந்து பீட்டா கதிர் பாய்ச்சினார்கள். சதை வரவில்லை, ஆனால் பல ஆண்டுகள் கழித்து வெள்ளை விழி மெலிந்து, கரைந்து, கிருமி புகுந்து கண்ணையே இழந்தவர்களைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எழுத வேண்டி வந்தது. ஜப்பானில் 1960களில் தொடங்கிய மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தின் சொட்டு முறை 1988க்குப் பிறகு உலகெங்கும் பரவியது. நான்கே ஆண்டுகளில், 1992இல், ரூபின்ஃபெல்டும் கூட்டாளிகளும் அதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பத்து நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள்: கருவிழி வீக்கம், கண் அழுத்தம், கருவிழியில் துளை. பார்வைக்குப் பெரிய ஆபத்தில்லாத ஒரு நோய்க்குக் கண்ணையே பணயம் வைக்கும் சிகிச்சை நியாயமில்லை. மைட்டோமைசினை இன்றும் குறைந்த அளவில், குறைந்த நேரம், பெரும்பாலும் அறுவை மேசையிலேயே வைத்து எடுத்துவிடும் முறையில் பயன்படுத்துகிறார்கள். மீண்டும் மீண்டும் வளரும் சதைக்கு அது துணையாக இருக்கலாம். ஒட்டுக்குப் பதிலாக, புண்ணைத் திறந்து விட்டுவிட்டு அதை ஊற்றுவதை ஏற்க முடியாது.

ஒட்டு வைக்கும் எண்ணம் வேறொரு நோயிலிருந்து வந்தது. பாஸ்டனில் ரிச்சர்ட் தோஃப்ட், இரசாயனம் பட்டு வெந்துபோன கண்ணுக்கு, அதே நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து இணைப்படலத்தை எடுத்து ஒட்டினார். 1977இல் அதை வெளியிட்டார். அந்த வழியில் வந்த கென்னத் கென்யனும் கூட்டாளிகளும் 1985இல் முற்றிய டெரிஜியத்துக்கும் திரும்ப வளர்ந்த டெரிஜியத்துக்கும் அதே முறையைக் கையாண்டு 57 கண்களின் கணக்கைக் கொடுத்தார்கள். மீண்டும் வளர்ந்தது 5.3 சதவீதம், அதாவது மூன்றே கண்களில். அதுவரை பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டிருந்த ஒரு துறைக்கு இந்த எண் ஒரு திருப்பம்.

ஒட்டு எடுக்கும் இடம் இங்கே முக்கியம். மேல் இமைக்கு அடியில் மறைந்திருக்கும் இணைப்படலத்திலிருந்துதான் வழக்கமாக எடுக்கிறார்கள். வெயில் அநேகமாகப் படாத இடம் அது. எந்தக் கதிர் மூக்கோர விளிம்பைப் பாழாக்கியதோ, அந்தக் கதிரிலிருந்து இமை ஆயுள் முழுக்கக் காத்த திசு அது. பழுதான இடத்தைப் பழுதாகாத அதே திசுவால் மூடுகிறோம். அதுவும் நோயாளியின் சொந்தத் திசு என்பதால் உடல் அதை விரட்டுவதில்லை. கருவிழி விளிம்பையும் சிறிது சேர்த்து எடுத்தால் ஸ்டெம் செல்களும் கூடவே வந்து உடைந்த வேலியை நிமிர்த்தும் என்று பலர் கருதுகிறார்கள். விளிம்பைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் திறந்த புண்ணைவிட ஒட்டு பல மடங்கு மேல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அறுவை மேசையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. நுண்ணோக்கியின் கீழ் சதையின் தலையைக் கருவிழியிலிருந்து உரித்தெடுத்து, உடலையும் அதன் அடியில் படர்ந்திருக்கும் டெனான் உறை எனப்படும் நார்த்திசுவையும் அகற்றுகிறார்கள். அந்த நார்த்திசுவுக்குச் சற்று ஆழத்தில்தான் கண்ணை உள்பக்கம் இழுக்கும் தசை இருக்கிறது. அதைத் தொட்டால் இரட்டைப் பார்வை வரும். இரத்தக் கசிவை நிறுத்தி, வெறுமையான இடத்தைக் கருவியால் அளக்கிறார்கள். பிறகு நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல்புற வெண்விழியில் அந்த அளவைவிட அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் குறிக்கிறார்கள். இனிமேல்தான் உண்மையான கைத்திறன். படலத்துக்கு அடியில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்திப் பந்துபோல் உப்பவைத்து, டெனான் உறை ஒரு துளியும் ஒட்டிக்கொண்டு வராதபடி, மேல் படலத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அடியில் நுழைந்த கத்தரிக்கோலின் முனை படலத்தின் வழியே தெளிவாகத் தெரியும் அளவுக்கு அது மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த ஒட்டு பின்னால் சுருங்கும், இழுக்கும், அதன் நார்த்திசுவே மறுபடி வளர்ச்சிக்கு விதையாகும். எடுத்த ஒட்டைத் தலைகீழாகப் புரட்டிவிடாமல், விளிம்புப் பக்கம் விளிம்புக்கே வரும்படி வழுக்கி நகர்த்திப் பொருத்துகிறார்கள். புரண்டுபோனால் ஒட்டு பிடிக்காது; அதற்காகவே மேல்பக்கத்தில் மையால் புள்ளி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. மூடப்படாமல் விட்ட, மேல் இமைக்கு அடியிலுள்ள காயம் ஓரிரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும்.

ஒட்டின் மதிப்பைச் சோதித்த ஆய்வுகளில் சிங்கப்பூரின் பங்களிப்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். டொனால்டு டானின் குழு 1997இல் திறந்து விடும் முறையையும் ஒட்டு முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. முதல்முறை வந்த சதையில் திறந்து விட்டவர்களுக்கு 61 சதவீதம் திரும்ப வளர்ந்தது. ஒட்டு வைத்தவர்களுக்கு 2 சதவீதம். அதே ஆய்வில் இன்னொரு உண்மையும் தெரிந்தது: அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் தெரியாத அளவுக்குத் தடித்துச் சிவந்த சதை, திறந்து விட்டால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். மெலிந்து வெளிறிய சதைக்கு அந்த ஆபத்து குறைவு. இளம் வயதும் ஆபத்தைக் கூட்டும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. நாற்பது வயதுக்குள் சதை பருத்து நிற்பவருக்கு ஒட்டு இல்லாமல் அறுப்பது அவருக்கு இழைக்கும் தீங்கு என்றே சொல்வேன்.

ஆனால் ஒட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் இந்த வெற்றி கிடைக்கவில்லை. 1995இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆய்வில் திறந்து விட்டவர்களுக்கு 88 சதவீதம், மைட்டோமைசின் போட்டவர்களுக்கு 38, ஒட்டு வைத்தவர்களுக்கு 39 சதவீதம் என்று முடிவு வந்தது. ஒரே பெயர் கொண்ட அறுவையில் ஓரிடத்தில் 2, ஓரிடத்தில் 39. எப்படி? நோயாளிகளின் வயதும் மரபும் வெயிலும் ஒரு காரணம். எவ்வளவு வளர்ந்தால் ‘திரும்ப வளர்ந்தது’ என்று கணக்கு வைப்பது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருப்பது இன்னொரு காரணம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது காரணம். 2000இல் வெளியான இன்னொரு சிங்கப்பூர் ஆய்வு, ஒட்டு முறையைக் கையாண்ட மருத்துவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்தது. ஒருவரிடம் 5 சதவீதம், இன்னொருவரிடம் 82 சதவீதம். முறை ஒன்றே, கை வேறு. மெல்லிய ஒட்டு எடுக்கத் தெரிந்தவருக்கும் அவசரத்தில் தடித்த ஒட்டைச் சிறிய அளவில் வெட்டி வைப்பவருக்கும் உள்ள தூரம் அது.

இதன் மறுமுனையில் பிரிஸ்பேனின் லாரன்ஸ் ஹர்ஸ்ட் நிற்கிறார். டெனான் உறையை மிக அகலமாக அகற்றி, மிகப் பெரிய ஒட்டை வைக்கும் தம் முறையில் தொடர்ச்சியாக 1,000 அறுவைகள் செய்து, ஒரே ஒரு முறைதான் திரும்ப வளர்ந்தது என்று 2012இல் வெளியிட்டார். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வலியும் தற்காலிக இரட்டைப் பார்வையும் சில வாரங்கள் இருக்கும். ஒரு நாளில் பல அறுவைகள் நடக்கும் நம் மருத்துவமனைகளில் அப்படியே கொண்டுவர முடியாது. ஆனாலும் மறுவளர்ச்சி விதியல்ல, தடுக்கக்கூடியது என்பதை அந்தக் கணக்கு நிறுவிவிட்டது.

சொந்தப் படலத்தைத் தவிர வேறெதனால் மூடலாம்? சிசேரியன் பிரசவத்தில் கிடைக்கும் நஞ்சுக்கொடியின் உட்புறச் சவ்வை, தாயின் இரத்தத்தைப் பரிசோதித்தபின் பதப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள். வீக்கத்தைத் தணிக்கும் குணமும், தழும்பு கட்டுவதைக் குறைக்கும் குணமும் அதற்கு உண்டு. நோயாளியின் கண்ணிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை என்பது அதன் பெரிய வசதி. ஆனால் 1997இல் பிரபாசாவத், செங் முதலானோர் ஒப்பிட்டபோது முதல்முறைச் சதையில் இச்சவ்வுக்கு 10.9 சதவீதமும் சொந்த ஒட்டுக்கு 2.6 சதவீதமும் திரும்ப வளர்ந்தன. 2016இல் 20 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் ஆறு மாதக் கணக்கில் சொந்த ஒட்டின் ஆபத்து சவ்வினுடையதில் பாதி அளவே என்றது. இருபுறமும் சதை வளர்ந்த கண்ணுக்கும், முந்தைய அறுவைகளால் மேல் படலம் தழும்பேறியவர்களுக்கும், கண் அழுத்த நோய்க்காக மேல் படலத்தைச் சேமிக்க வேண்டியவர்களுக்கும் சவ்வு கைகொடுக்கும். மற்றவர்களுக்குச் சொந்தப் படலமே முதல் தேர்வு.

கண் அழுத்த நோயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அந்நோய்க்கான வடிகால் அறுவை மேல்புற இணைப்படலத்தை நம்பித்தான் செய்யப்படுகிறது. அங்கிருந்து ஒட்டு எடுத்துவிட்டால் பின்னாளில் அந்த வழி குறுகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்ப்புறப் படலத்திலிருந்து ஒட்டு எடுக்கலாம். அறுவைக்கு முன் கண் அழுத்தம் பார்ப்பது இதற்காகவும்தான்.

ஒட்டை எப்படி நிலைநிறுத்துவது என்பதில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. பழையது தையல். முடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைப்பார்கள். மலிவு, உறுதி, ஆனால் நேரம் எடுக்கும், நூல் கரையும்வரை மணல் விழுந்தாற்போல உறுத்தும். அடுத்தது ஃபைப்ரின் பசை. இரத்தம் உறையும் கடைசிக் கட்டத்தை இரண்டு திரவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஃபைப்ரினோஜன், மற்றதில் திராம்பின். இரண்டும் சேர்ந்த சில நொடிகளில் ஒட்டு பிடித்துக்கொள்ளும். 2004இல் ஸ்வீடனில் கொரானியின் குழு தையலுக்கு 18.5 நிமிடம் ஆன இடத்தில் பசையால் 9.7 நிமிடத்தில் முடித்தது, வலியும் குறைந்தது. பிறகு வந்த தொகுப்பாய்வுகளில் மறுவளர்ச்சியும் பசையில் குறைவாகவே தெரிகிறது. தையல் நூல் தூண்டும் அழற்சி இல்லாதது காரணமாக இருக்கலாம். பசையின் குறை அதன் விலை. பலருடைய பிளாஸ்மாவைத் திரட்டிச் செய்வதால் மிகச் சிறியதொரு தொற்று ஆபத்தும் கோட்பாட்டளவில் உண்டு.

மூன்றாவது வழி, நோயாளியின் இரத்தத்தையே பசையாக்குவது. வெறுமையான இடத்தில் தானாகக் கசியும் இரத்தத்தை ஒற்றி எடுக்காமல், அதன்மேலேயே ஒட்டைப் படிய வைத்து, ஓரங்களை அழுத்திப் பத்து நிமிடம் போலக் காத்திருக்கிறார்கள். உறையும் இரத்தம் ஒட்டைப் பிடித்துக்கொள்கிறது. 2010இல் இங்கிலாந்தில் டி விட் குழுவினர் விவரித்த இந்த முறை இந்தியாவில் வேகமாகப் பரவியதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: செலவே இல்லை. முதல் ஓரிரு நாட்களில் ஒட்டு விலகிவிடும் வாய்ப்பு பசையையும் தையலையும்விட இதில் அதிகம். கண்ணைத் தேய்க்காமல் கட்டோடு இருக்கக்கூடிய நோயாளிக்கு இது நல்ல முறை. மறுநாள் பரிசோதனைக்கு வர முடியாத தூரத்துக்காரருக்கு ஓரிரண்டு தையல் சேர்ப்பதே பாதுகாப்பு. இந்த மூன்றில் எது என்று மாநாடுகளில் வாதம் ஓயாமல் நடக்கிறது. என் பார்வையில் எதனால் ஒட்டினார்கள் என்பதைவிட, எதை ஒட்டினார்கள், எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு தாராளமாக எடுத்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மலிவான தையலோடு நல்ல ஒட்டு வைத்தாலே போதும். ஏழைக்கு இரண்டாம்தரச் சிகிச்சை கொடுக்க விலை ஒரு சாக்காக முடியாது.

அறுத்தெடுத்த சதையைக் குப்பையில் போடுவது பல இடங்களில் வழக்கம். அது மாற வேண்டும். ஹர்ஸ்ட் 2009இல் தொடர்ச்சியாக 533 சதைகளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் 9.8 சதவீதத்தில் மேற்பரப்புப் புற்றின் தொடக்க மாற்றங்கள் இருந்தன. குயின்ஸ்லாந்து வெயிலும் வெள்ளைத் தோலும் சேர்ந்த கணக்கு அது. எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆனாலும் நிறமோ வடிவமோ சற்றே வழக்கம் மாறித் தெரிந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பல வாரங்கள் போட வேண்டியிருக்கும். அழற்சியை அடக்கி மறுவளர்ச்சியைத் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஓசைப்படாமல் ஏற்றிவிடும். சீட்டு முடிந்த பிறகும் மெடிக்கல் ஷாப்பில் அதே மருந்தைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்வது பார்வையைப் பறிக்கக்கூடிய பழக்கம். குறித்த நாளில் அழுத்தம் பார்த்து, சொன்ன தேதியில் நிறுத்திவிட வேண்டும். ஒட்டு முதல் வாரத்தில் வீங்கிச் சிவந்து தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். திரும்ப வளர்வதென்றால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே வளர்ந்துவிடும். ஹர்ஸ்டின் பழைய கணக்குப்படி மறுவளர்ச்சியில் 97 சதவீதம் 12 மாதத்துக்குள், பாதி முதல் 120 நாட்களுக்குள். ஆகவே முதல் நான்கு மாதம் மருத்துவர் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது அவசியம். மூன்று மாதத்தோடு நிறுத்திவிட்டு வெற்றி விகிதம் அறிவிக்கும் ஆய்வுகளை நம்ப முடியாததற்கும் இதுவே காரணம்.

நல்ல ஒட்டு வைத்தாலும் அதே உப்பளத்துக்கு வெறும் கண்ணோடு திரும்பினால் எதிர்க்கண்ணும் மறுபுறமும் அதே கதிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிகள். உப்பள முதலாளிகளும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் தொழிலாளர் நலத்துறையும் அதைக் கடமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் சதைக்கு அறுவை என்று முடிவானவர்கள் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அறுத்த இடத்தில் ஒட்டு வைப்பீர்களா? ஒட்டை எங்கிருந்து எடுப்பீர்கள்? உங்களிடம் அறுவை செய்துகொண்டவர்களில் ஓராண்டுக்குள் எத்தனை பேருக்குத் திரும்ப வளர்ந்திருக்கிறது? முதல் கேள்விக்கு ‘ஒட்டெல்லாம் தேவையில்லை’ என்று பதில் வந்தால், இன்னொரு கண் மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவசரமாக அறுக்க வேண்டிய நோய் இல்லை இது. ஒட்டு வைக்கத் தெரிந்த இடத்தைத் தேடிப் போகப் போதிய நேரம் இருக்கிறது.